ஒருமுறை சொன்னால் போதாதா?

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போன மாதம் இதே மேடையில் புறநானூறு பேசினார்கள். இந்த மாதம் பாப்-அப். வாசகர் வட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று ஒன்றிரண்டு பேர் கேட்டதாகச் செயலாளர் சொன்னார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வாசிப்பில் பெரும்பங்கு இன்று போன் திரையில் நடக்கிறது. அங்கே நம்மைப் படிக்கவிடாமல் குறுக்கே நிற்பது எது என்று பேசுவதும் வாசகர் வட்டத்தின் வேலைதான்.

ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள். தலைப்பு தெரிகிறது. உடனே கீழே ஒரு பட்டை எழும்பி, குக்கிகளை ஏற்கிறீர்களா என்கிறது. அதைத் தள்ளினால் மேலே ஒரு பெட்டி, நோட்டிபிகேஷன் அனுப்பலாமா என்கிறது. பிறகு, நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா. இரண்டு பத்தி தாண்டினால் நடுத்திரையை மறைத்துக்கொண்டு, எங்கள் செயலியில் படித்தால் இன்னும் நன்றாக இருக்குமே. கடைசியில் மின்னஞ்சல் முகவரி. இத்தனைக்கும் நடுவே கிடக்கும் செய்தி நாலு வரி.

இவை எல்லாவற்றையும் ‘தொல்லை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டு, மூலையில் பெருக்கல் குறியைத் தேடி அழுத்திக்கொண்டு போகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை கேள்விகள் என்பது தெரியும். உங்களிடம் ஏதோ ஓர் அனுமதி கேட்கிறார்கள். அனுமதி கேட்பது மரியாதையான காரியம். ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நாளைக்கு வந்து கேட்பது, அவர் அசந்துபோய்ச் சரி என்னும் வரைக்கும் கேட்பது, அதில் மரியாதை எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பெட்டி பெட்டியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. பதில் சொல்லவேண்டிய இடம் பிரவுசரின் செட்டிங்ஸ். அங்கே ஒருமுறை சொல்லிவிட்டால் சில கேள்விகள் அடியோடு நின்றுபோகும். சில நிற்காது. நிற்காதவை ஏன் நிற்பதில்லை என்பதில் தொழில்நுட்பத்தைவிட அதிகம் வியாபாரமும் சட்டமும் இருக்கின்றன. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இணையத்தில் பட்டை விளம்பரம் 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்ற அமெரிக்க இணைய இதழில் வந்தது. செய்தித்தாள் விளம்பரம்போலப் பக்கத்துக்குள் அடங்கிக் கிடந்த சாது அது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தைப் பத்து நாளில் எழுதினார். அதுவரை அச்சடித்த தாள்போல அசையாமல் இருந்த இணையப் பக்கம், அதன் பிறகு தானாகக் காரியம் செய்யக் கற்றுக்கொண்டது. புதிதாக ஒரு சன்னலைத் திறப்பதும் அந்தக் காரியங்களில் ஒன்று.

சன்னல் திறக்கும் அந்தக் கட்டளையை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியவர் ஈதன் சக்கர்மன். 1990-களின் பிற்பகுதியில் அவர் டிரைபாட் என்ற நிறுவனத்தில் இருந்தார். யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த தளம் அது. யார் வேண்டுமானாலும் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய கார் கம்பெனி, தன் விளம்பரம் ஓர் ஆபாசப் பக்கத்தின் தலையில் இருப்பதைக் கண்டு கொதித்தது. உள்ளடக்கத்தையும் விளம்பரத்தையும் பிரித்துவைக்க வழி தேடிய சக்கர்மன், விளம்பரம் மட்டும் தனிச் சன்னலில் திறக்கும்படி நிரல் எழுதினார். 2014-இல் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் இதற்காக மன்னிப்பும் கேட்டார். எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பாப்-அப் பிறந்தது படிக்கிறவர் கண்ணைக் கவர்வதற்காக அல்ல, விளம்பரம் கொடுத்தவரின் மானத்தைக் காப்பாற்ற. படிக்கிறவரைப் பற்றி அந்தக் கணக்கில் யாருமே யோசிக்கவில்லை.

2000-க்குப் பிறகு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஒரு சன்னலை மூடினால் இரண்டு திறக்கும். மூடுவதற்கே பாதி நேரம் போகும். அந்த நேரத்துக்கும் காசு உண்டு. எக்ஸ்10 என்ற கம்பெனியின் குட்டிக் கேமரா விளம்பரம் 2001 வாக்கில் அமெரிக்காவில் ஒரு கேலிப்பொருளாகவே ஆகிவிட்டது. அது முன்னால் வராது. நீங்கள் படிக்கும் சன்னலுக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்திருக்கும்போது கடைசியாகச் சிரிக்கும்.

அந்தப் போரில் பிரவுசர்கள் வென்றன. ஓப்பரா முன்னால் போனது, 2002-இல் மொசில்லா வந்தது, 2004-இல் பயர்பாக்ஸ். அதே 2004 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் பாப்-அப் தடுப்பு வந்துசேர்ந்தது. விதி எளிமையானது. நீங்கள் கிளிக் செய்ததன் விளைவாகச் சன்னல் திறந்தால் அனுமதி, பக்கம் தன்னிச்சையாகத் திறந்தால் தடை. இன்றைக்கும் எல்லா பிரவுசரிலும் அதே விதிதான். இலவசமாகப் படம் காட்டும் திருட்டுத் தளங்களில் நீங்கள் பிளே பொத்தானை முதல்முறை தொட்டால் படம் ஓடாமல் வேறு ஏதோ பக்கம் திறக்கிறதே, அது இந்த விதியின் ஓட்டை. உங்கள் கிளிக்கைத் திருடி, இதோ அவரே கிளிக் செய்தார் என்று பிரவுசரிடம் காட்டுகிறார்கள்.

இதில் எதிர்ப்பக்கத் தொல்லையும் ஒன்று உண்டு. சில அரசுத் தளங்கள், வங்கித் தளங்கள் இன்னும் ரசீதைத் தனிச் சன்னலில்தான் திறக்கின்றன. பணம் போய்விடும், ரசீது வராது. பதறி மறுபடி பணம் கட்டாதீர்கள். முகவரிப் பட்டையின் ஓரத்தில் பாப்-அப் தடுக்கப்பட்டது என்று சின்ன அடையாளம் இருக்கும். அதைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். ரசீதுக்காக ஊருக்கே கதவைத் திறந்துவைக்க வேண்டாம்.

வென்ற போர் என்றேன். தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தனிச் சன்னல் கூடாது என்றால் பக்கத்துக்குள்ளேயே பெட்டியை வரைந்தார்கள். இன்று நீங்கள் காணும் முக்கால்வாசிப் பெட்டி அப்படிப்பட்டதுதான். பிரவுசரின் பார்வையில் அது பக்கத்தின் ஒரு பகுதி. தலைப்பு, படம், பத்தி போல இன்னொரு துண்டு. வாசலில் நிற்கும் காவலாளி வெளியாளைத் தடுப்பார். வீட்டுக்காரரே கூடத்தின் நடுவில் கட்டிலைக் குறுக்கே போட்டால் அவர் என்ன செய்வார்? ஆகவே செட்டிங்ஸில் பாப்-அப் தடுப்பை எத்தனை முறை சரிபார்த்தாலும் இந்தப் பெட்டிகள் வரும். உங்கள் போன் கெட்டுவிடவில்லை. கட்டுரை மட்டும் வேண்டும் என்றால் பயர்பாக்ஸிலும் சபாரியிலும் ரீடர் என்றொரு வசதி இருக்கிறது. அழுத்தினால் பெட்டி, பட்டை எல்லாம் உதிர்ந்து எழுத்து மட்டும் நிற்கும். நீண்ட கட்டுரை படிக்கிறவர்கள் அவசியம் பழகிக்கொள்ள வேண்டியது அது.

இப்போது நோட்டிபிகேஷனுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு வீடு பெரியவர்கள் போனில் நான் பார்க்கும் வியாதி இதுதான்.

2015 ஏப்ரலில் குரோம் பிரவுசர் இணையத் தளங்களுக்கு ஒரு புது வசதி கொடுத்தது. நீங்கள் ஒருமுறை ‘அலவ்’ என்று அழுத்திவிட்டால், அந்தத் தளத்தை மூடிய பிறகும் அது உங்கள் திரைக்குச் செய்தி அனுப்பலாம். நல்ல எண்ணத்தில் வந்ததுதான். அவசரச் செய்தி, மின்னஞ்சல், ரயில் தாமதம் இதற்கெல்லாம் உதவும். நடப்பது இப்படி: அனுமதி கொடுத்ததும் பிரவுசர் அந்தத் தளத்துக்கு உங்களுக்கென ஒரு தனி முகவரி தருகிறது. தளம் அந்த முகவரிக்கு அனுப்பும் செய்தி பிரவுசர் கம்பெனியின் சர்வர் வழியாக உங்கள் போனுக்கு வந்து விழுகிறது. வாட்ஸ்அப் செய்தி விழும் அதே இடத்தில், அதே ஒலியோடு விழும்.

வித்தியாசம் தெரியாததுதான் சிக்கல். ‘உங்கள் போனில் வைரஸ்’, ‘உங்கள் பார்சல் நிற்கிறது’, ‘உங்களுக்குக் கடன் ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் வைரஸ் என்று பயந்து ஆன்டிவைரஸ் போடுவார்கள். அது ஒன்றும் இல்லை என்று சொல்லும். சரியாகத்தான் சொல்கிறது, ஏனென்றால் போனில் எந்த வைரஸும் இல்லை. எப்போதோ ஒரு நாள், ஏதோ ஒரு பக்கத்தில், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்’ என்றிருந்ததை நம்பி அழுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ரோபோ சோதனைக்கும் அலவ் பொத்தானுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அப்படிக் கேட்கும் பக்கம் நூற்றுக்கு நூறு மோசடிப் பக்கம்.

இந்தக் கேள்வியை எத்தனை பேர் விரும்புகிறார்கள்? மொசில்லா 2019-இல் தன் பயர்பாக்ஸ் பயனர்களிடம் கணக்கெடுத்தது. நோட்டிபிகேஷன் கேள்விகளில் சுமார் 99 சதவீதத்துக்குச் சம்மதம் கிடைக்கவில்லை. 48 சதவீதத்துக்கு மறுப்பே கிடைத்தது. நூறு பேரைக் கேட்டால் ஒருவர் சரி என்கிறார், அந்த ஒருவருக்காக மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் வாசிப்பை நிறுத்துகிறார்கள். 2020 ஜனவரியில் பயர்பாக்ஸ் ஒரு முடிவெடுத்தது: நீங்கள் பக்கத்தில் ஏதாவது தொடும்வரை அந்தக் கேள்வி எழும்பக் கூடாது. அடுத்த மாதமே குரோமும் அந்தக் கேள்வியை அடக்கிவைக்கும் வழி ஒன்றைக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனாலும் குரோமில் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அதைக் கொல்லும் வழி இதோ, குறித்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திறந்து மூலையில் மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ், அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ். மேலே ஒரு சுவிட்சு இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இனி எந்தத் தளமும் கேட்காது. அதே பக்கத்தில் ஏற்கெனவே அனுமதி வாங்கியவர்களின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பேர் தெரியாத, உச்சரிக்கவே முடியாத முகவரிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே அனுப்புங்கள். கணினியில் பயர்பாக்ஸ் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் நோட்டிபிகேஷன் அனுமதிகளைத் திறந்தால், புதிய கோரிக்கைகளைத் தடு என்று ஒரு கட்டம் இருக்கும். மேக் கணினியில் சபாரியின் செட்டிங்ஸில் வெப்சைட்ஸ் பிரிவிலும் இதே மாதிரி ஒரு கட்டம். ஐபோன்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆப்பிள் 2023 மார்ச்சில்தான் இதை அனுமதித்தது, அதுவும் நீங்களாகவே முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்ட தளங்களுக்கு மட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் திடீர் திடீரென்று முழுத்திரை விளம்பரம் வருகிறது, பிரவுசரைத் திறக்காதபோதும் வருகிறது என்றால் குற்றவாளி பிரவுசர் இல்லை. நீங்கள் போட்ட ஏதோ ஒரு செயலி. டார்ச் லைட், போனைச் சுத்தம் செய்வது, வால்பேப்பர் என்ற பெயரில் வந்திருக்கும். போன் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியின் சிறப்பு அனுமதிகளில், மற்ற செயலிகளின் மேல் தோன்ற யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பட்டியல் கிடைக்கும். டார்ச்சுக்கு அங்கே என்ன வேலை? தூக்கி எறியுங்கள்.

சிரித்துக்கொண்டே பேசிவிட்டேன். அடுத்தது சிரிக்கும் விஷயம் இல்லை.

கணினியில் ஒரு பக்கம் திறக்கும். திரை முழுக்க நீலமோ சிவப்போ. மைக்ரோசாப்டின் சின்னம் இருக்கும். ஒரு குரல், கணினியை அணைக்காதீர்கள், உங்கள் வங்கி விவரம் திருடப்படுகிறது, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள் என்று கத்தும். அந்த எண்ணுக்கு அழைத்தால் பதமாகப் பேசி, தொலைவிலிருந்து இயக்கும் செயலியைப் போடச்சொல்லி, சுத்தம் செய்ததாகக் காட்டிப் பணம் கறப்பார்கள். இன்னொரு வகையில், போலீஸ் உங்கள் கணினியைப் பூட்டிவிட்டது, அபராதம் கட்டு என்று அரசுச் சின்னத்தோடு வரும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதியவர்களை இப்படி ஏமாற்றிய கால் சென்டர்கள் பல நம் நாட்டில்தான் இயங்கின என்பது வெட்கமான உண்மை. 2023 அக்டோபரில் சிபிஐ நடத்திய ஆபரேஷன் சக்ரா இரண்டாம் கட்டச் சோதனையில் மைக்ரோசாப்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

இதற்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. பிரவுசர் அந்த அதிகாரத்தை எந்தப் பக்கத்துக்கும் கொடுப்பதில்லை. ஆகவே அப்படிச் சொல்கிற பக்கம் எதுவாக இருந்தாலும் பொய். எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை சுருங்கும். பிறகு ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்தி மூடுங்கள். மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். போனில் என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டு, பிரவுசரைத் திறந்து, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நெட்டைப் போடலாம். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் இருப்பதுதான் மோசடிக்காரனுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

சரி, குக்கிப் பட்டை. இது ஐரோப்பாவிலிருந்து வந்தது. குக்கியை 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி உருவாக்கினார். கடைத்தளத்தில் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனதும் மறந்துபோகக் கூடாது என்பதற்காக, தளம் உங்கள் கணினியில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்பு அது. விளம்பரக் கம்பெனிகள் அதே குறிப்பைக் கொண்டு நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பின்தொடரத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, கேட்காமல் குக்கி வைக்கக் கூடாது என்றது. 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் என்ற தரவுச் சட்டம், சம்மதம் என்றால் தெரிந்து, மனமுவந்து கொடுத்ததாக இருக்கவேண்டும் என்றது. நாட்டுக்கு நாடு தனிப் பக்கம் செய்வதைவிட எல்லோருக்கும் ஒரே பட்டை போடுவது பல தளங்களுக்கு எளிது. தஞ்சாவூரில் உட்கார்ந்திருப்பவர் பிரஸ்ஸல்ஸ் சட்டத்துக்குப் பதில் சொல்வது அதனால்தான்.

சட்டம் நல்லது. அதை நிறைவேற்றிய விதத்தில்தான் கயமை. ‘எல்லாம் ஏற்கிறேன்’ பெரிய வண்ணப் பொத்தான், ஒரே தட்டு. ‘வேண்டாம்’ என்பதற்கு முதலில் ‘விருப்பங்களை நிர்வகி’, பிறகு பத்துப் பதினைந்து சுவிட்சு, கீழே நூற்றுக்கணக்கான ‘கூட்டாளிகள்’ பெயர். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதைத்தான் பிடித்தது. ஏற்பதற்கு ஒரு தட்டு, மறுப்பதற்குப் பல தட்டு என்று வைத்ததற்காகக் கூகுளுக்கு 15 கோடி யூரோ, பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம். 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த ஆண்டே ஏப்ரலில் கூகுள், ஐரோப்பாவில் ‘எல்லாம் மறுக்கிறேன்’ பொத்தானைக் கொண்டுவந்தது. அத்தனை காலம் முடியாத காரியம் அபராதம் வந்ததும் மூன்று மாதத்தில் முடிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். தளம் தளமாகக் கேட்பதற்குப் பதிலாக, என்னைப் பின்தொடராதே என்று பிரவுசரிலேயே ஒருமுறை எழுதிவைத்தால் போதாதா? இந்த யோசனை 2009-இலேயே வந்துவிட்டது. டூ நாட் டிராக் என்று பெயர். 2011-இல் பயர்பாக்ஸில் வந்தது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் பிரவுசரே அந்தச் செய்தியைச் சொல்லிவிடும். 2012-இல் மைக்ரோசாப்ட் தன் பிரவுசரில் அதைத் தானாகவே போட்டுவைத்தது. விளம்பரக்காரர்கள் உடனே, இது பயனர் தேர்ந்தெடுத்தது இல்லையே, நாங்கள் ஏன் மதிக்கவேண்டும் என்றார்கள். குக்கிப் பட்டையில் முன்கூட்டியே டிக் அடித்துவைத்துவிட்டு அதைச் சம்மதம் என்று எண்ணிக்கொண்ட தொழில் சொன்ன வாதம் இது! டூ நாட் டிராக்குக்குப் பொதுத் தரம் வகுத்துக்கொண்டிருந்த குழு 2019 ஜனவரியில் கலைந்தது. பயர்பாக்ஸ் 2025-இல் அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டது. யாரும் மதிக்காத பொத்தானை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தொழில்நுட்பம் அங்கே தோற்கவில்லை. மதிக்காவிட்டால் தண்டனை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அதுதான் காரணம். பின்னால் 2020-இல் குளோபல் பிரைவசி கன்ட்ரோல் என்ற பெயரில் ஏறக்குறைய அதே யோசனை திரும்பி வந்தது. இம்முறை கலிபோர்னியா மாநிலச் சட்டம் அதன் பின்னால் நின்றது. அதை மதிக்காததும் சேர்ந்த வழக்கில் செபோரா என்ற அழகுப்பொருள் கம்பெனி 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் கட்டியது. 2027 ஜனவரி முதல் எல்லா பிரவுசரிலும் இந்த வசதி இருந்தே ஆகவேண்டும் என்று அதே மாநிலம் 2025-இல் சட்டம் போட்டிருக்கிறது. ஐரோப்பிய ஆணையமும் 2025 நவம்பரில் வைத்த திருத்த யோசனையில், விருப்பத்தைப் பிரவுசரில் சொன்னால் தளங்கள் மதிக்கவேண்டும் என்கிறது. பதினாறு ஆண்டு சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறார்கள்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? பிரவுசரின் பிரைவசி பகுதியில் தேர்டு-பார்ட்டி குக்கிகளைத் தடுக்கலாம். நீங்கள் போகாத மூன்றாம் ஆள் உங்கள் கணினியில் குறிப்பு எழுதுவதை அது நிறுத்தும். சபாரி 2020 முதல் தானாகவே முழுமையாகத் தடுக்கிறது. பயர்பாக்ஸ் பின்தொடரும் குக்கிகளை 2019 முதல் தடுக்கிறது. குரோம் 2020-இல், இரண்டு ஆண்டில் ஒழித்துவிடுகிறேன் என்று அறிவித்தது, தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024-இல் திட்டத்தைக் கைவிட்டது. குரோம் கூகுளுடையது, கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம். இதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை. குரோமிலும் அந்தத் தடுப்பு இருக்கிறது, ஆனால் நீங்களாகப் போய்ப் போடவேண்டும். போட்டுவிட்டால் அவசரத்தில் குக்கிப் பட்டையில் தவறான பொத்தானைத் தட்டினாலும் சேதம் குறைவு.

விளம்பரத் தடுப்பான்கள் பற்றி முன்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். நான் பரிந்துரைப்பது யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்பவர் 2014-இல் தொடங்கியது, இலவசம், காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தை உள்ளே விடும் பழக்கம் அதற்கு இல்லை. பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் இதுபோன்ற எக்ஸ்டென்ஷன்களுக்கான விதியைக் கூகுள் மாற்றியதால் குரோமில் அதன் முழு வடிவம் இப்போது ஓடாது, சுருங்கிய லைட் வடிவம்தான். பயர்பாக்ஸில் முழுதாக ஓடும், ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸிலும் ஓடும். அதன் செட்டிங்ஸில் ஃபில்டர் பட்டியல்களுக்குப் போனால் குக்கிப் பட்டைகளையும் நடுத்திரைப் பெட்டிகளையும் மறைக்கும் பட்டியல்கள் தனியே இருக்கும். அவை முதலில் அணைந்திருக்கும், நீங்கள்தான் போடவேண்டும். நான் முன்பு சொன்ன, பிரவுசரால் தடுக்க முடியாத உட்பக்கப் பெட்டிகளுக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது.

அதே நேரத்தில் ஒன்று சொல்கிறேன். தமிழில் நல்ல கட்டுரை போடும் சின்னத் தளங்கள் சில, ஓரத்தில் ஒரு விளம்பரம் வைத்துத்தான் பிழைக்கின்றன. படிப்பதை மறைக்காத தளமாக இருந்தால் அதற்கு மட்டும் தடுப்பானை அணைத்துவிடுங்கள். அல்லது சந்தா கட்டுங்கள். இங்கே சிறுபத்திரிகைக்குச் சந்தா கட்டிப் பழக்கம் உள்ளவர்கள்தானே இருக்கிறீர்கள்.

கடைசியாக நம் நாட்டுச் சட்டம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது. பதின்மூன்று வகைகளைப் பட்டியலிட்டது. வேண்டாம் என்றவரைத் திரும்பத் திரும்ப நச்சரிப்பதும் அதில் ஒன்று. மறுப்பவரை வெட்கப்படவைப்பதும் ஒன்று. ‘இல்லை, எனக்குப் பணம் மிச்சப்படுத்த விருப்பமில்லை’ என்று மறுப்புப் பொத்தானில் எழுதிவைக்கிறார்களே, அது. பொருள் விற்கும் தளம் இப்படிச் செய்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

அதைவிடப் பெரியது 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. சம்மதம் பற்றிய பிரிவுகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடியவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இன்னொன்றும் சொல்கிறது, இந்த அரங்கத்துக்கு முக்கியமானது: சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும். அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது.

எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியாமலே நம் வீட்டுப் பெரியவர்கள் இத்தனை ஆண்டு ‘அலவ்’ அழுத்தியிருக்கிறார்கள். 2027 மே மாதத்துக்குப் பிறகு எந்தத் தளமாவது ஆங்கிலத்தில் மட்டும் உங்களிடம் சம்மதம் கேட்டால், தமிழில் கொடு என்று எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் குப்பையில் போடுவார்கள், ஆயிரம் பேர் கேட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவார்கள். அதற்கு முன்னால், இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் போன்களை வாங்கி அந்த நோட்டிபிகேஷன் சுவிட்சை அணைத்துக் கொடுங்கள். இதுவரை சேர்ந்துபோன தளங்களையும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது.